திரைக்குப் பின்னால் ஐந்து பேர்

பதுளையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் எங்கள் கம்பெனி ஆடாத நாடகம் இல்லை. நான் மட்டும் ஆடியதில்லை. படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தேன். பாட்டுக்கு ஆர்மோனியம், சண்டைக்கு மத்தளம், அழுகைக்குப் பிடில், காட்டுக்குப் புல்லாங்குழல், எல்லாவற்றுக்கும் தாளம். காலால் ஆர்மோனியத் துருத்தியை மிதித்து, ஒரு கையால் கட்டைகளை அழுத்தி, மறு கையால் மத்தளம் தட்டி, தாளத்தை முழங்கால்களில் கட்டிக்கொண்டு சமாளிப்பேன். அழுகைக் காட்சியில்தான் கால்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

முதலாளி போகிற இடமெல்லாம், "மதுரையிலேருந்து மேளக்காரங்க அஞ்சு பேரக் கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லி வைத்திருந்தார். ஆள் அதிகமிருந்தால்தான் கம்பெனிக்கு மதிப்பாம். நான் மதுரையைப் பார்த்ததே இல்லை. பசறையிலேயே பிறந்து பசறையிலேயே குடியிருப்பவன். படுதாவுக்கு முன்னால் தலைகாட்டக் கூடாது என்பது அவர் கட்டளை. முகம் லட்சணமாக இருந்திருந்தால் ராஜா வேஷம் கொடுத்திருப்பாரே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் பிறந்த வீடு ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம். "அம்புட்டையும் வாசிக்கிறது எங்க வீட்டுக்காரரு ஒருத்தருதான்" என்று அங்கே சொல்லியிருக்கிறாள். அவளுடைய அண்ணி, "மனுசனுக்கு ரெண்டு கைதானே புள்ள இருக்கு?" என்று கேட்டாளாம். லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் சிரித்ததாம். அந்தத் தோட்டத்துக்கே நாடகம் போட அழைப்பு வந்ததும் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்டம் முடிஞ்சதும் முன்னுக்கு வந்து நில்லுங்க. ஒரே ஒரு தடவ. அண்ணி பாக்கணும்."

வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கும் ஆசைதான். கைதட்டலை எத்தனை வருஷம் துணிக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்பது?

விடிகிற நேரத்தில் நாடகம் முடிந்தது. தலையைச் சீவிக்கொண்டு எழுந்தேன். அதற்குள் தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் மேலான பெரிய கங்காணி மேடையேறிவிட்டார். "உள்ள இருக்கிற மேளக்காரங்க அஞ்சு பேருக்கும் என் செலவுல ஆளுக்கொரு கம்பளி. ஒவ்வொருத்தரா வாங்க" என்றார்.

எங்கள் வீட்டிலும் ஐந்து பேர், கம்பளி ஒன்றுதான். முந்தின மார்கழியில் மூன்று பிள்ளைகளும் இழுத்த இழுப்பில் அது கிழிந்தது. சின்னவனுக்கு நெஞ்சில் சளி கட்டி, பிழைப்பானோ மாட்டானோ என்று கிடந்தோம். எல்லாம் நான் ஒருத்தன்தான் என்று போய் நின்றால் பெயர் கிடைக்கும், கூடவே ஒரு கம்பளி கிடைக்கும். முதலாளி என்னைப் பார்த்தார். நான் வேஷப்பெட்டியைப் பார்த்தேன்.

ஆர்மோனியக்காரர் மந்திரியின் கோட்டோடும் மீசையோடும் போனார். மத்தளக்காரருக்குப் பெரிய தலைப்பாகை. பிடில்காரருக்கு முனிவர் தாடி. புல்லாங்குழல்காரர் மப்ளரைக் கண்வரை சுற்றியிருந்தார். அந்தக் குளிரில் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. முதலாளி ஒவ்வொருவரையும் சொல்லிச் சொல்லி அழைக்க, எல்லோருக்கும் நல்ல கைதட்டல். மிச்சம் தாளக்காரர். மனைவிக்குக் கொடுத்த வாக்கு உறுத்தியது. இந்தத் தடவையாவது அவள் பார்க்கட்டும் என்று முகத்தை மறைக்காமல் போனேன். கொஞ்சம் யோசித்திருந்தால் ஆர்மோனியத்துக்கே முகத்தைக் காட்டியிருப்பேன்.

"அந்தா, தாளம் போடுறவருதான் நம்ம வீட்டு மாப்பிள்ள!" என்று கூட்டத்திலிருந்து அண்ணி கத்தினாள்.

நான் கீழே இறங்கிப் போனபோது அவள் என் மனைவிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். "தாளம் போடுறதும் ஒரு தொழிலுதானே புள்ள. இதுக்குப் போயி பொய் சொல்லலாமா?"

மனைவி என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த கம்பளியைப் பார்த்தாள். "ஆமாங்க அண்ணி, தெரியாம சொல்லிட்டேன்" என்றாள்.

பசறை வந்து சேர்ந்தோம். வீட்டில் மனைவி கம்பளி மூட்டையை அவிழ்த்துப் பங்கு வைத்தாள். "இது ஆர்மோனியக்காரருது" என்று மூத்தவளுக்குக் கொடுத்தாள். நடுப்பிள்ளைக்கு மத்தளக்காரருடையது, சின்னவனுக்குப் பிடில்காரருடையது. புல்லாங்குழல்காரருடையதைத் தான் எடுத்துக்கொண்டாள். கடைசிக் கம்பளியை என் மடியில் வைத்து, "இது உங்களுது" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை.

அந்த வருஷ மார்கழி முழுக்கச் சின்னவன் ஒரு தடவைகூட இருமவில்லை. அந்தத் தோட்டத்தில் இன்றைக்கும் நான் தாளக்காரன்தான்.