வயிற்றில் ஒரு சதுரம்

போன வாரம் ஈப்போவுக்கு வெளியே ஒரு பழைய வாகனக் கண்காட்சியில் தரையில் மல்லாந்து படுத்தேன். சிரிக்காதீர்கள். அறுபத்தைந்து வயதில், சேலையோடு. மேலே ஒரு பழைய ரோந்து விமானம். 'தொடக்கம் முதல் எந்த மாற்றமும் செய்யப்படாதது' என்று பலகை வைத்திருந்தார்கள். பொய்!

சக்கரத்தின் ரப்பர் வாடைதான் என்னைக் கிளப்பிவிட்டது. எழுபதுகளின் கடைசியில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டினேன். வெட்டி முடித்தால், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சேரும்வரை வேலையில்லை. மரத்தடியில் தலைவைத்து, மலைப்பக்கம் கால்நீட்டிப் படுப்போம். கொசுவுக்கு விருந்து. மலைக்காட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடும் விமானம் எங்கள் கால்மாட்டில் தோன்றித் தலைமாட்டில் மறையும். இலையுதிர்ந்த மாதங்களில் அதன் வயிறு முழுசாகத் தெரியும். பக்கவாட்டில் நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை.

ஒரு வருஷம் அந்த வயிற்றில், என் வலது கைப்பக்கமாக, புதிதாக ஒரு கண்ணாடிச் சதுரம் மின்னியது. மறுநாள் காலை, வேலைக்கு வரிசையாக நிற்கும் பெரட்டில் பேர் கூப்பிட வந்த ஆபீஸ் கிராணியிடம் சொன்னேன்.

"பால் வெட்டுற பிள்ளைக்கு பிளேன பத்தி என்னா தெரியும்?"

வரிசையே சிரித்தது. அன்றிலிருந்து நான் 'பிளேன்காரி'. என் கல்யாணப் பந்தியில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

"அக்கா, எழுந்திருங்க லா! அங்க ஒண்ணுமில்ல," என்றார் கண்காட்சியைப் பார்த்துக்கொள்பவர். ஆனாலும் நான் கேட்டபடி வலது பக்கம் டார்ச் அடித்தார். வழுவழுவென்று பெயிண்ட் மட்டும். இத்தனை வருஷமாக நான்தான் தப்பா?

அப்புறம்தான் உறைத்தது. தலையை வால்பக்கம் வைத்திருந்தேன். எங்கள் தலைமாட்டுக்குப் போகிற விமானமல்லவா அது, மூக்கு என் தலைப்பக்கம்தானே இருக்க வேண்டும்! முழங்கையை ஊன்றித் திரும்பி, மூக்குக்கு அடியில் தலைவைத்தேன்.

"இப்ப அடிங்க தம்பி, வலது பக்கம்."

பெயிண்டுக்கு அடியில் சதுரமாக ஒரு தகடு. சுற்றிலும் ஆணி வரிசை.

"ஆமாக்கா... ஜன்னல் வச்சு, பெறகு அடைச்சிருக்காங்க!"

"பலகைய மாத்துங்க. மாத்தலன்னா நாளைக்கும் வந்து படுப்பேன்."

வீடு திரும்பும் வழியில் எஸ்டேட் இருந்த இடத்தைப் பார்த்தேன். வரிசை வீடுகள். நான் படுத்த மரத்தடியில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். கிராணி போய்ச் சேர்ந்துவிட்டார், சிரித்தவர்களிலும் பாதிப்பேர் இல்லை. முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தரும் மிச்சமில்லையே என்றுதான் வயிறு எரிகிறது. பரவாயில்லை, நீங்கள் கேளுங்கள். சதுரம் இருந்தது. நான் பார்த்தேன்.