பெரட்டுக்கு ஓர் ஆள் குறைவு

போன வெள்ளிக்கிழமை என் நீலச் சேலை ஒரு தொழுகைக்கூடத்தின் திரையாகத் தொங்கியது. யூதர்களின் தொழுகைக்கூடம். அதுவும் கந்தப்பளையில். அதுவும் எங்கள் வீட்டு ஹாலில்!

இவளுக்கு என்ன ஆச்சு என்று பேப்பரை மடிக்காதீர்கள். சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மலையில் ஆட்களை மேய்க்கிற உத்தியோகம். ரிட்டயர் ஆனதும் மேய்க்க ஆளில்லாமல் என்னை மேய்க்கத் தொடங்கினார். தாங்க முடியாமல், முன்பக்கத்து ஹாலையும் அறைகளையும் டூரிஸ்ட்டுகளுக்கு விடலாம் என்று நான்தான் ஐடியா கொடுத்தேன்.

அப்படி வந்தவர்கள்தான் இந்த லண்டன்காரர்கள். அங்கே ஒரு சினகோக் — யூதர்கள் கூடித் தொழுகிற இடம் — ஒவ்வொரு சம்மருக்கும் ஒரு கூட்டமாக எங்காவது கிளம்பிவிடுமாம். போகிற ஊரில் ஒன்றாகச் சமைப்பது, ஒன்றாகப் பாடுவது, ஒன்றாகத் தொழுவது. சினகோக்கையே சூட்கேஸில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருகிற ஜனங்கள்.

ஆனால் அவர்களுடைய சம்மர் நமக்கு எப்போது? ஆகஸ்ட்டில்! ஆகஸ்ட்டில் கந்தப்பளையில் வெயில் காய வருகிறவர்களை என்ன சொல்வது... வந்த நாளிலிருந்து அடைமழை. சன் கிரீம் டியூபுகள் ஜன்னலோரம் வரிசையாக நின்று மழையை வேடிக்கை பார்த்தன.

அவர்கள் என் சமையலறைக்குள் சொந்தச் சட்டிபானைகளோடு நுழைந்தார்கள். என் கேஸ் அடுப்பை அலுமினியத் தாளில் சுற்றினார்கள். என் பாத்திரங்களைத் தொடவே இல்லை. பன்றி ஆகாது, அது ஆகாது என்று சாப்பாட்டில் அவர்களுக்கு ஆயிரம் விதியாம். முதலில் எனக்குச் சுருக்கென்றது. அப்புறம், எங்கள் அத்தை சஷ்டி விரதத்துக்கு என்னைச் சமையலறைப் பக்கமே விடாதது ஞாபகம் வந்தது. இவர்கள் எவ்வளவோ தேவலை!

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் குழுவின் தலைவர் டேனியல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். கண்டியில் தங்கிவிட்ட அவர்கள் ஆள் ஒருவர் அன்றைக்கு வந்து சேரவேண்டும். தனி ஆளாக அரைப் பலாப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, வயிறு பிடுங்கி, கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் கிடக்கிறாராம்.

"சரி, அவர் வராவிட்டால் என்ன? ஒரு பிளேட் மிச்சம்தானே?" என்றேன்.

பிளேட் இல்லை, தொழுகை. யூதர்கள் கூட்டாகத் தொழ வளர்ந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். கட்டாயம். இருப்பதோ ஒன்பது. தனித்தனியாகத் தொழலாம்... ஆனால் இறந்தவர்களுக்காகச் சொல்லும் பிரார்த்தனையைப் பத்துப் பேர் இல்லாமல் சொல்ல முடியாது.

அன்றைக்கு அதைச் சொல்லவேண்டியவர் மொரிஸ். கூட்டத்திலேயே வயதானவர். எங்கள் ஊர் மொரிஸ் மைனர் கார்களைப் போலவே, ஸ்டார்ட் ஆக நேரமாகும், ஆனால் நிற்காமல் ஓடும் மனுஷர். அன்று பொழுது சாய்ந்தால் அவருடைய அப்பாவின் திதி. நம்மைப் போலவே அவர்களும் நிலாக் கணக்கில்தான் பார்க்கிறார்கள். அப்பா போனதிலிருந்து ஒரு வருஷம்கூட அவர் தவறவிட்டதில்லையாம். பொழுது சாய்ந்தால் சபாத் ஓய்வு நாளும் தொடங்கிவிடும், வண்டியில் ஏறி வேறு ஊரைத் தேடிப் போகவும் முடியாது. மொரிஸ் வராந்தாவில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்காரருக்கோ முகம் மலர்ந்துவிட்டது! ஆள் குறைகிறதா? இது அவருடைய டிபார்ட்மெண்ட் அல்லவா? காலையில் வேலைக்கு வருகிறவர்களை நிறுத்தி எண்ணுகிற பெரட்டு, அவருக்கு ரத்தத்திலேயே ஊறிய விஷயம். எண்ணி முடித்தாலும் விடமாட்டார். சாயங்காலம் கொழுந்து நிறுவை சரியாக இருந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர் — அதாவது அரைநாள் சம்பளம். இந்த அரைப் பேருக்காக அவரும் தொழிற்சங்கத் தலைவர் மருதையும் போடாத சண்டையா? இருந்தாலும் அவசரம் என்றால் அவர் போன் எடுப்பது மருதைக்குத்தான்.

கொஞ்ச நேரத்தில் மருதை வந்தார். பின்னால் வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒரு பட்டாளம்.

"பத்து என்னங்க ஐயா, முப்பது பேரைக்கூட நிப்பாட்டுறேன். அப்பாவோட திதியாம்ல, சும்மா விட்டுற முடியுமா?" என்றார் மருதை.

டேனியல் நெளிந்தார். பத்துப் பேரும் யூதர்களாக இருக்கவேண்டும் என்று பக்குவமாக விளக்கினார்.

"அப்ப நாங்க கணக்குல இல்லீங்களா?" மருதைக்கு ஏமாற்றம்.

நான் இங்கிலீஷில் சொன்னதும் மொரிஸின் மனைவி ரூத் சிரித்துவிட்டார். "நாங்களும்தான் கணக்கில் இல்லை. எங்கள் முறையில் பெண்களை எண்ணுவதில்லை."

எனக்கு இது புதுசா என்ன? எங்கள் மலையிலும் கொழுந்து பறிப்பது பெண்கள், எண்ணுவது ஆண்கள்!

மழை வலுத்ததால் மருதையின் ஆட்கள் வராந்தாவிலேயே தங்கிவிட்டார்கள். அத்தனை பேருக்கும் தேத்தண்ணி ஊற்றும் வேலை யாருடையது என்று கேட்காதீர்கள். மருதை மட்டும் சும்மா இருக்கவில்லை, த்ரீவீல் ஓட்டும் தன் மருமகன் ரமேஷை ஆள் தேட அனுப்பினார். ரமேஷ் பெரிய தாடிக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தான். விசாரித்தால் போலந்துக்காரர், யோகா மாஸ்டர், கத்தோலிக்கர்.

"தாடி இருந்துச்சுங்க, அதான்..." என்று தலையைச் சொறிந்தான். யோகா மாஸ்டருக்கும் ஒரு தேத்தண்ணி.

அந்த நேரம் பார்த்து எனக்குச் சீனி கொண்டுவந்தார் ஹாரிஸ் நானா. பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். ஜும்மாவுக்குப் போன தொப்பியை இன்னும் கழற்றவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு யோசித்தார்.

"நேத்து ஒரு வெள்ளக்காரத் தம்பி கடைக்கி வந்தாரு. பிஸ்கட் பாக்கெட்ட திருப்பித் திருப்பி வாசிச்சாரு. என்ன கொழுப்புல செஞ்சதுன்னு கேட்டாரு. எங்கட ஆளுங்கதான் அப்பிடிக் கேக்குறது. முஸ்லிமான்னு கேட்டேன், இல்லைன்னாரு. அப்ப அவரு யாரு?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நானா சீனியைக் கீழே வைத்துவிட்டு மழையோடு மழையாகப் பைக்கை எடுத்தார். பஜாரில் இருப்பதே ஒரு லொட்ஜ்தான்.

பொழுது எப்போது சாயும்? ஒரு வாரமாகச் சூரியனையே பார்க்காத ஊரில் யாரைக் கேட்பது! டேனியல் போனில் பார்த்துப் பார்த்துச் சொன்னார். ரூத் மெழுகுவர்த்திகளை ஏற்றினார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் என் நீலச் சேலையைக் கட்டினார்கள். மொரிஸ் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தைத் திறக்காமலே நின்றார்.

கேட்டருகில் பைக் சத்தம். நானாவின் பின்னால் தொப்பலாக நனைந்த ஓர் இளைஞன். பெயர் நேதன். ஊர் ஆர்ஜென்டினா. யூதன்தான்! வராந்தாவே கைதட்டியது.

நேதன் மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை. "மன்னிக்கணும், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இதை விட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பாக்கெட் வாசிக்கிறது வெறும் பழக்கம். கடைக்காரர் 'ஒரு பெரியவர் காத்திருக்கிறார்' என்றார், மறுக்க முடியவில்லை. ஆனால் பொய்யாக எப்படித் தொழுவது?"

மொரிஸ் மெதுவாக அவன் அருகில் போனார்.

"தம்பி, உன்னை நம்பச் சொன்னேனா? வந்து நில் என்றுதான் சொல்கிறேன்."

நேதன் அவரைப் பார்த்தான். செருப்பைக் கழற்றினான். யாரோ அவன் தலையில் ஒரு குட்டித் தொப்பியை வைத்தார்கள்.

நான் ரூத்தோடு சேலைக்குப் பின்னால் நின்றேன். பாட்டும் முணுமுணுப்புமாகப் போய்க்கொண்டிருந்த தொழுகை ஓர் இடத்தில் அடங்கியது. மொரிஸின் குரல் மட்டும் கேட்டது. எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் அப்பாவைக் கூப்பிடும் பிள்ளையின் குரல் எனக்குத் தெரியாதா? அழுதுவிட்டேன். நடுநடுவே எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது நம்பிக்கை இல்லாத நேதன்.

இதற்கிடையில் ஜன்னலுக்கு வெளியே என் வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "பதினொன்னு வருதே!" என்று குழம்பினார். கதவோரம் தலைகுனிந்து நின்ற ஹாரிஸ் நானாவின் தொப்பியையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்!

தொழுகை முடிந்தது. மொரிஸ் வராந்தாவுக்கு வந்து ஒவ்வொருவர் கையாகப் பிடித்தார். நம்மாளுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை.

"நம்பிக்கை இல்லைன்னு அந்தத் தம்பியே சொல்லிட்டாரே... அப்ப அவருக்கு அரைப் பேர்தானே போடணும்? கேட்டுச் சொல்லு" என்று என்னை இடித்தார்.

வெட்கமாக இருந்தாலும் கேட்டேன். அரைப் பேர் என்றால் என்னவென்று விளக்கவும் வேண்டியிருந்தது. மொரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"இங்கே அரைப் பேர் கிடையாது. வந்து நின்றால் முழுப் பேர்."

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையோடு மருதை துள்ளி எழுந்தார்.

"கேட்டுக்கிட்டீங்களா கண்டாக்கையா? சாமியே முழுப் பேர் போடுதாம்!"