எட்டாவது சீட்டு

நடந்தது இதுதான்.

1. கண்டியில் பெண்களுக்குப் பழம் பதனிடக் கற்பிப்பதற்காக ஒரு மாதர் கமிட்டிக்கு அரசாங்கம் ஒரு வருட மானியம் கொடுத்தது.

2. சென்னையில் அந்தத் தொழிலைப் படித்துவிட்டு வந்திருந்த என்னை ஆசிரியையாக வைத்தார்கள்.

3. எட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். அவர்கள் செய்த கொய்யா ஜெலியும் அன்னாசி ஜாமும் விற்றன. இலாபம் வரும் என்று கமிட்டியில் ஒருவரும் நினைத்திருக்கவில்லை.

4. அந்த இலாபத்தை நான் சீட்டாக்கினேன்.

5. ஏழு பேர் சீட்டு எடுத்தார்கள்.

6. அதை நான் வருட அறிக்கையில் எழுதினேன்.

வகுப்பு பேராதனை வீதியில் ஒரு பழைய வண்டிக் கொட்டகையில் நடந்தது. மூன்று அடுப்பு, இரண்டு மேசை, ஒரு வெப்பமானி. மானியக் கடிதத்தில் விற்பனைப் பணத்தைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: அது வகுப்பின் நோக்கத்துக்கே செலவாக வேண்டும். பெண்கள் சொந்தமாகத் தொழில் தொடங்குவதுதான் வகுப்பின் நோக்கம் என்று முதல் பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சீட்டு என்றால் எல்லாரும் மாதாமாதம் காசு போட, முறைக்கு ஒருவராக மொத்தத்தையும் எடுப்பார்கள். எங்கள் சீட்டில் யாரும் கைக்காசு போடவில்லை. ஒரு மாத இலாபம் முழுவதும் ஒருத்திக்கு. அதில் சட்டி, போத்தல், ஒரு மூட்டை சீனி வாங்கி வீட்டிலேயே தொடங்கலாம்.

பெயர் எழுதிக் குலுக்கியதில் முதல் சீட்டு ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவருக்கு விழுந்தது. புருஷன் இல்லாதவர். வார நாட்களில் கண்டியில் தம்பி வீட்டில் தங்கி வகுப்புக்கு வருவார். ஒன்பது வயது மகள் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். அடுத்த வருடம் அந்தப் பிள்ளையின் பெயரைத் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பதிவேட்டில், பதிந்துவிடுவார்கள். பதிந்தால் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான். அதற்கு முன் கண்டியில் அடுப்புப் போட ஓர் அறை எடுத்து, மகளைக் கூட்டிவர வேண்டும் என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார்.

கடைசிச் சீட்டு விழுந்தது கடுகண்ணாவைப் பெண்ணுக்கு. புருஷன் ரயில் பாதையில் வேலை. வீடு ஸ்டேசனுக்குப் பக்கம், அடுப்பு தயார், மறுநாளே விற்கத் தொடங்கலாம். தயாராக இருப்பவர் முதலில், மற்றவர் பின்னால் என்று நான் ஒரு வரிசை எழுதி வைத்திருந்தேன்.

"நீங்கள் இன்னும் அறை பார்க்கவில்லைத்தானே. அவவோட மாத்திக்கொண்டு கடைசியா எடுங்கோவன்" என்றேன்.

"சரிங்க டீச்சர். மொதல்ல வாங்குனா என்ன, கடைசியா வாங்குனா என்ன, காசு ஓடியா போயிரும்?"

"ஓடிப்போற காசு எங்க வீட்டுக்காரர் கையில இருக்கிறதுதான்க்கா" என்றாள் கடுகண்ணாவைப் பெண். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏழாவது சீட்டு முடிந்த மாதம் அரசாங்கக் கணக்கு வருடமும் முடிந்ததால் அறிக்கை எழுதினேன். சீட்டுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் ஒதுக்கினேன். வேறு ஊர் வகுப்புகளும் இதைப் பின்பற்றலாம் என்றும் ஆலோசனை சொன்னேன்.

எட்டாவது மாத இலாபம் கைக்கு வந்த வாரத்திலேயே அரசாங்கத்தின் பதிலும் வந்தது. கமிட்டியின் காரியதரிசி, பென்சன் வாங்கிய யாழ்ப்பாணத்துக்காரர், என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு வாசித்தார். மானியத்தால் உண்டான வருமானத்தைத் தனியாட்களுக்குப் பிரித்துக் கொடுக்க அனுமதியில்லை. கொடுத்த ஏழும் அடுத்த மானியத்தில் கழிக்கப்படும். கையில் இருப்பதை உடனே கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கட்ட வேண்டும்.

"ஏன் பிள்ளை இதை எழுதினனீர்? விற்ற காசு வகுப்புக்குச் செலவு எண்டு ஒரு வரியோட விட்டிருக்கலாமே."

"நடந்ததைத்தானே எழுதினன் ஐயா."

"நடந்ததை ஆர் கேட்டவை? அரசாங்கக் காசு குட்டி போட்டால் குட்டியும் அரசாங்கத்தின்ரதான். அது தெரியாமலே மெட்ராசில படிச்சு வந்தனீர்?"

வகுப்பில் சொன்னேன். கடுகண்ணாவைப் பெண்தான் முதலில் பேசினாள்.

"கடுதாசி வர்றதுக்கு முன்னாடியே அக்காவுக்குக் குடுத்தாச்சுன்னு எழுதிருங்க டீச்சர். நாலு நாளு முந்தித் தேதி போட்டா யாருக்குத் தெரியும்? நாங்க ஏழு பேரும் சாட்சி."

"அது பொய்" என்றேன்.

"பொய்தாங்க. அக்காவோட புள்ள கூடை தூக்குறது மட்டும் என்னவாம்?"

என் பதிவேட்டில் அதுவரை ஓர் அடித்தல்கூட இல்லை. மறுநாள் நானே கச்சேரிக்குப் போய்ப் பணத்தைக் கட்டி, ரசீதை அதில் ஒட்டினேன்.

என் சம்பளத்திலிருந்து அதே தொகையை எடுத்துத் தோட்டத்துப் பெண்ணிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"உங்க காசு எனக்கு எதுக்குங்க? நான் கேக்குறது என் சீட்டுக் காசு. எட்டு மாசம் நின்னு கிண்டுனேன்ல?"

வற்புறுத்தியிருக்கலாம். நான் பணத்தைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குப் போனவர் திங்கட்கிழமை வரவில்லை.

கழிவு போக மிஞ்சும் மானியம் வாடகைக்கே போதாது என்று கமிட்டி வகுப்பை மூடியது. தலைவியான வெள்ளைக்காரத் துரைசாணி மிகவும் வருந்துவதாக ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். அதன் அடியில், கொய்யா ஜெலி ஆறு போத்தல் மிச்சம் இருக்குமா என்றும் கேட்டிருந்தார். இருந்தது. அனுப்பினேன்.

கடுகண்ணாவையில் இப்போதும் ரயில் நின்றால் ஜாம் விற்கிறார்கள். ஒருமுறை அந்தப் பெண் என்னைக் கண்டு ஒரு போத்தலைத் தந்துவிட்டுக் காசு வாங்க மறுத்தாள். "அக்காவப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் பார்க்கவில்லை. விசாரித்து மட்டும் வைத்திருந்தேன், அதைச் சொன்னேன்.

இன்றைய நிலை: வண்டிக் கொட்டகையைக் கமிட்டி ஒரு மோட்டார்க் காருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறது. எனக்குக் கொழும்பில் ஒரு பாடசாலையில் வேலை. எட்டாவது சீட்டு அரசாங்கக் கணக்கில் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயர் செக்ரோலில் பதிந்தாகிவிட்டது. தாயும் மகளும் ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறார்கள்.