கதவில்லாத வீட்டின் திறப்பு

1990 சித்திரை. யாழ்ப்பாணத்தில் மினிபஸ் ஏறும்போது காலை எட்டரை. பருத்தித்துறைக்கு இருபத்தொரு மைல், எட்டு ரூபா. நீர்வேலியில் ஏறிய வாழைக்குலை ஒன்றுக்கு என் பக்கத்து இருக்கை கிடைத்தது. அதன் சொந்தக்காரர் கடைசிவரை நின்றுகொண்டே வந்தார். வல்லை வெளியில் அடித்த காற்றில் சாரதியைத் தவிர எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம்.

என் சட்டைப்பையில் ஒரு சாண் நீள இரும்புத் திறப்பு, ஒரு வீட்டுச் சாவி, கனத்தது. கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டு மேல்மாடியில் மகளோடு இருக்கும் கந்தையா மாஸ்டருடையது. மூன்று வருடங்களுக்கு முன் சண்டையில் பூட்டிவிட்டு வந்த வீட்டுக்கு, இப்போது அமைதி என்றதும் திரும்ப வேண்டும் என்கிறார். எண்பது வயது. "வீடு இருக்கிற மாதிரி இருந்தால் அப்பா போகட்டும். இல்லையெண்டால் இந்தக் கதையை விடட்டும்" என்று மகள் தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டார். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை.

பருத்தித்துறையில் இறங்கியபோது பத்து மணி. வெயில் சுளீரென்றது. கப்பலுக்கு ஒளி காட்டும் வெளிச்சவீட்டுப் பக்கம் கடலைப் பார்த்து நிற்கும் பழைய கல்வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்களில் கண் கூசியது. கடல் கண்ணாடி போல் கிடந்தது. மட்டக்களப்பான் நான்; பிறர் ஊர்க் கடலை எளிதில் புகழ மாட்டேன். இதைப் புகழ்கிறேன். ஒரு ரூபாவுக்கு இரண்டு தட்டை வடை வாங்கித் தின்றபடி வீட்டைத் தேடிப் போனேன்.

சுவர் இருந்தது, ஓடு இருந்தது. ஒரு கதவும் இல்லை, யன்னலும் இல்லை. நிலைகள் வாயைப் பிளந்து நின்றன. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து வளவில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணிடம், "இதையெல்லாம் யார் கொண்டுபோனது?" என்று அதட்டினேன்.

"நாங்கள்தான்" என்றார் அவர், நிதானமாக. பெயர் திரேசம்மா; கணவர் கடலுக்குப் போயிருந்தார். "கள்ளர் கழட்ட முன்னம் நாங்களே கழட்டிப்போட்டம். வந்து பாருங்கோ."

அவர் வீட்டுச் சுவரோரம் கதவுகளும் யன்னல்களும் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் எந்த அறைக்குரியது என்று கரியால் எழுத்து: சாமியறை, குசினி, மாஸ்டரின்ரை அறை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எண்ணிப் பார்த்தால் வாசல் கதவு மட்டும் இல்லை. மாஸ்டரின் பாட்டனார் பர்மாத் தேக்கில் தாமரை செதுக்குவித்ததாக மாஸ்டர் சொல்லும் இரட்டைக் கதவு அது; என் பையிலிருந்த திறப்பு அதற்குரியது.

திரேசம்மா, குண்டு விழும்போது ஒளிய முற்றத்தில் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கச் சொன்னார். மேலே பனங்குற்றிகள், மண்மூட்டைகள். அவற்றுக்குக் கீழே கூரையாக அந்தக் கதவு, தாமரை எங்களைப் பார்த்தபடி.

"மண் பிள்ளையளின்ரை கண்ணுக்கை கொட்டினது. அதுதான் வைச்சனாங்கள். மாஸ்டர் வாறாரெண்டால் கழட்டித் தாறம்."

"இப்போது சண்டை இல்லைத்தானே?"

"ஓம், இப்ப இல்லை" என்றார்.

இரண்டு நாள் கழித்து வெள்ளவத்தைக்குத் திரும்பி, நடந்ததை அப்படியே சொன்னேன். மகள் உடனே, "வாசல் கதவில்லாத வீட்டிலை எப்பிடியப்பா இருப்பியள்?" என்றார். மாஸ்டர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தாமரை எந்தப் பக்கம்?"

"உள்ளே. படுத்திருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும்."

"அப்ப அது அங்கையே கிடக்கட்டும்" என்றவர், மகளைப் பார்த்தார். "வாசலுக்கு ஒரு படங்குச் சீலை கட்டுவன். நான் போறன்."

அடுத்த கிழமை ரயிலேறினார். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் திறப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

"பங்கரை மண்போட்டு மூடுற நாளிலை எழுதுறன். அப்ப கொண்டுவாரும்."

என் வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டுகள். அன்றும் இரண்டையும் பூட்டிவிட்டுத்தான் படுத்தேன். திறப்பு மேசையில் இருக்கிறது. கடிதம் இன்னும் வரவில்லை.