கூலண்ட் தொட்டியில் ஒரு பாட்டில் ஃபினாயில்

சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒருநாளும் கார் நின்றதில்லை. அங்கே இரும்பு கடையும் மிஷின், அத்தையின் லேத், நின்றது. அப்பாவின் தங்கையான அவர், தாம்பரத்துப் பட்டறை ஒன்றில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒரு பழைய மிஷினை வாங்கிவந்து ஷெட்டில் இறக்கினார். "லேத்காரர் இருக்காரா?" என்று கேட்டு வருபவர்களிடம் "நான்தான், சொல்லுங்க சார்" என்பார். அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவே நான் வாசல் கேட் பக்கத்தில் நிற்பேன்.

இரும்பைக் கடையும்போது சூடு தணிய, எண்ணெய் கலந்த தண்ணீர் அதன்மேல் பால்போல ஒழுகும். கூலண்ட் என்பார்கள். அது கீழே தொட்டியில் சேர்ந்து, மோட்டார் வழியாக மறுபடி மேலே வரும். கடையும் சத்தத்தைக் கேட்டே அளவு சரியா என்று அத்தை சொல்லிவிடுவார். அவரைவிடப் பெரிய ஆள் உலகத்தில் இல்லை என்பது என் ஒன்பது வயதுத் தீர்மானம்.

அந்தக் கோடையில் ஏரி வறண்டு, லாரித் தண்ணீரில் குடும்பம் ஓடியது. அரிசி களைந்த தண்ணீர்கூடச் செடிக்குப் போகிற வீட்டில், தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க அத்தைக்கு மனம் வரவில்லை. குறைந்த அளவுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டே வந்தார். ஞாயிறு முழுக்க ஓடாமல் தேங்கியதில், திங்கட்கிழமைகளில் ஷெட் அழுகிய முட்டையாக நாறியது. சுழலும் மிஷினில் கையுறை சிக்கினால் கையே போய்விடும் என்பதால் எப்போதும் வெறுங்கைதான். விரலிடுக்கெல்லாம் சிவந்து வெடித்திருந்தது. கூடவே வறட்டு இருமல்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி வாசலில் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தம் போட்டார். "எனக்கு ஒரு வாடையும் தெரியலையே" என்று அத்தை தலைகுனிந்து சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. அவர் சாப்பிடப் போன நேரத்தில் நாற்றம் போகட்டும் என்று ஃபினாயில் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தேன். தண்ணீரில் விட்டால் அதுவும் பால் நிறம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது?

மிஷினைப் போட்ட ஐந்தாவது நிமிடம் அத்தை இருமி இருமிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு இழுத்தது. அத்தையைக் கொன்றுவிட்டேன் என்று அலறி, செய்ததைச் சொல்லிவிட்டேன். அம்மா எங்கள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி, ராஜகீழ்ப்பாக்கத்து டாக்டரிடம் கொண்டுபோனாள்.

டாக்டர் என் வாக்குமூலத்தைக் கேட்டுவிட்டு அத்தையிடம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை இருமல் வருதா?"

"இல்ல சார். லீவு நாள்ல நல்லாத்தான் இருக்கேன்."

"அப்போ ஃபினாயில் இன்னிக்கு வந்ததும்மா. நீங்க மாசக்கணக்கா வேற எதையோ உள்ள இழுத்துட்டு இருக்கீங்க."

அத்தை மெதுவாகத் தொட்டியைப் பற்றிச் சொன்னார். கெட்டுப்போன கூலண்டின் சாரல்தான் நுரையீரலுக்குள் போகிறது, இப்படியே விட்டால் மிஷினையே விட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாளே பழைய கூலண்டை டிரம்மில் பிடித்து, கழிவெண்ணெய் எடுப்பவரிடம் கொடுத்தார். லாரித் தண்ணீரைத் தாராளமாக விட்டுத் தொட்டியைக் கழுவினார். அம்மா இரண்டு நாள் துணி துவைக்காமல் விட்டுக்கொடுத்தாள். சாரலை மறைக்கத் தகரத் தடுப்பும், காற்றை வெளியே தள்ள ஃபேனும் வந்தன. இருமல் அடங்கியபிறகே மிஷின் மறுபடி ஓடியது.

அப்படி ஓடத் தொடங்கிய அன்றே அத்தை என்னைக் கூப்பிட்டார். "இனிமே திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி, வாசல்லயே நின்னு மோந்து பாத்துட்டுப் போடி. நாத்தம் வந்தா சொல்லு."

ஃபினாயிலுக்குத் தண்டனை என்றே நினைத்தேன். வாரம் தவறாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு மோந்துவிட்டு ஓடினேன். அந்த நாற்றத்தோடு இருந்து இருந்து அத்தையின் மூக்குக்கு அது தெரியாமலே போயிருந்தது, தன் மூச்சை அவர் என் மூக்கை நம்பி விட்டிருந்தார் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.