ஜெயமணி வைத்த எட்டுப் பொட்டு

ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலை. அங்கே பழுது பார்க்க வரும் ஒவ்வொரு சர்க்யூட் போர்டுக்கும் முதலில் சந்தனப் பொட்டு வைக்கிறார்கள். போன வருடம் தரச் சான்றிதழ் கொடுக்க வந்த ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது எதற்கு?" என்று கேட்டார். சூப்பர்வைசர் ஃபைலைப் பிரித்துக் காட்டினார். வேலைமுறை எண் பதினான்கு: சந்தனம் இடுதல். எதற்கு என்று அதிலும் இல்லை. ஆனால் எழுதியிருந்தது. எழுதியிருந்தால் ஆடிட்டர்களுக்குப் போதும். டிக் அடித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்தப் பொட்டை முதன்முதலில் வைத்தவள் அப்போது மூன்றாவது மேசையில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

ஜெயமணிக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். எண்பத்து மூன்றில் மாடசாமியைக் கட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்தாள். அவனுக்கு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு டிவி போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் பற்றவைப்பு. இடது கையால் உதிரிப் பாகத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஈயம் வைக்க வேண்டும். ஒன்பது வருடம் வைத்தாள். கம்பெனி அவளுக்கு ஒரு ஸ்டீல் குடமும், இடது கையில் மரத்துப்போன மூன்று விரல் நுனிகளும் கொடுத்தது. அந்தக் கையில் வாங்கிய டீ சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்று உதட்டில் வைத்துத்தான் தெரிந்துகொள்வாள்.

தொண்ணூற்று இரண்டில் கம்பெனியைப் பூட்டினார்கள். அடுத்த வருடம் மாடசாமி சைக்கிளில் பெங்களூர் ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்தது. இரண்டுக்கும் அவள் அழவில்லை. முதலாவதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவதற்குத் துக்கம் கேட்க வந்தவர்கள், கொண்டுவந்த அழுகையை இறக்கிவைக்க இடம் கிடைக்காமல் திரும்பிப் போனார்கள்.

"கல்லாட்டம் குந்தினு கீது" என்றாள் பக்கத்து வீட்டுக் கெம்பம்மா. அவள் சொன்னதில் பெரிய தவறில்லை. மரத்துப்போனது விரலோடு நிற்கவில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூற்று நான்கில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் அண்ணன் சுடலைமுத்து ரெக்ஸின் பையோடு வந்து இறங்கினான்.

"ஏட்டி, ஒத்தையில இங்க கெடந்து என்ன செய்யப் போற? மதினிக்கு இடுப்பு முடியல. அடுக்களைக்கு ஆளில்ல. நீ வந்தா ஒனக்கும் ஒரு ஆதரவு."

யாருக்கு ஆதரவு என்பது முதல் பாதியிலேயே வந்துவிட்டது.

"நாளைக்கு ஒரு கம்பெனியில வரச்சொல்லியிருக்காவ. கெடைச்சா இருந்துக்கிடுதேன்."

"கெடைக்கலைன்னா?"

"வாரேன்."

ஓசூர் மேல் அவளுக்குப் பிரியம் எதுவும் கிடையாது. இங்கே அவள் எத்தனை மணிக்குப் படுத்தாள், ஏன் சாப்பிடவில்லை என்று கேட்க ஆள் இல்லை. அண்ணன் வீட்டில் ஏழு பேர் கேட்பார்கள். ஏழு பேருக்கும் பதில் சொல்லி, சோறும் போட வேண்டும். இந்த ஒன்றுதான் அவளை மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தீர்த்தகிரியின் தொழிற்சாலை வாசலில் நிறுத்தியது. சுடலைமுத்துவும் கூடவே வந்து, காவலாளியின் ஸ்டூலில் பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான். ஊருக்குப் போகச் சாயங்காலம் சேலத்துக்கு பஸ்.

தீர்த்தகிரி உத்தனப்பள்ளிக்காரர். தக்காளித் தோட்டத்தை விற்று சிப்காட்டில் ஷெட் போட்டவர். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சொந்தக்காரர் சிங்கப்பூரிலிருந்து ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். விசைப்பலகையும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டிக்குள், திரைக்கு டிவி. அதைக் கழற்றிப் பார்த்துத்தான் தீர்த்தகிரி எலெக்ட்ரானிக்ஸ் கற்றார். ஷெட், பன்னிரண்டு வேலையாட்கள், பல்லில் கட்டிய தங்கம், எல்லாம் அதன் ராசி என்று நம்பினார். வருடாவருடம் ஆயுத பூஜையில் முதல் பொட்டு அதற்குத்தான்.

அது ஆடி மாதம் செத்துப்போனது.

"செத்த மிசினுக்குப் பொட்டு வெக்கக்கூடாதும்மா" என்றார் தீர்த்தகிரி. "பதினோரு மணிக்குப் பூஜை. அதுக்குள்ள உயிர் வரணும். வந்தா டெஸ்டிங்குல உனக்கு வேலை. இல்லேன்னா வருத்தப்படாத, ஏழு பேரு வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க. எல்லாம் டிப்ளமா."

மெஷினைப் போட்டாள். டிவியில் எழுத்து வரவில்லை. கட்டம் கட்டமாகக் குப்பை. அடாப்டரை அளந்தாள், சரியாக இருந்தது. உள்ளே ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் கொஞ்சம் குறைவாக வந்தது. எங்கேயோ யாரோ கரண்டைக் குடிக்கிறார்கள். சாக்கெட்டில் இருந்த பெரிய சிப்புகளை அழுத்திவிட்டாள். மாற்றமில்லை. மிச்சம் இருந்தவை போர்டில் வரிசையாகப் பற்றவைத்திருந்த எட்டு மெமரி சிப்புகள்.

"அதுல ஒண்ணுதான்" என்றார் தீர்த்தகிரி. "ஏழு பேரும் சொன்னாங்க. ஆனா ஏழு பேரும் ஏழு சிப்பைச் சொன்னாங்க. யாரும் சொல்லாதது ஆறாவது. அதனால அதாத்தான் இருக்கும்னு எனக்கு ஒரு இது."

"எட்டையும் மாத்திரலாமே சார்."

"போர்டு தாங்காது. பழசு. எட்டுக்கும் நூத்தி இருபத்தெட்டு காலு, பிடுங்கினா செம்புப் பட்டை கூட வந்துரும். பெங்களூர்லேர்ந்து ஒரு சிப் வாங்கி வெச்சிருக்கேன். ஒண்ணுதான் கழட்டலாம். எதுன்னு நீ சொல்லு. கெட்டது சூடாகும். விரலை வெச்சுப் பாரு."

ஜெயமணி விரலை வைத்தாள். முதல் சிப், இரண்டாவது சிப், எட்டாவது சிப். எட்டும் ஒன்றுதான். ரோட்டில் கிடந்த மாடசாமியின் கன்னத்தைத் தொட்டபோதும் இதே விரல்கள்தான். அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. விரல் மரத்தவள் என்று தெரிந்தால் டெஸ்டிங்குக்கு யார் எடுப்பார்கள்? வலது கையை வைத்தாள். எல்லாமே இளஞ்சூடு. ஏழு டிப்ளமாக்கள் ஏன் ஏழு விதமாகச் சொன்னார்கள் என்று புரிந்தது. உதட்டை வைத்துப் பார்க்கலாம். முதலாளி எதிரில் நின்றார்.

"தெரியுதா?"

"பாக்குதேன் சார்."

மணி பத்தேகால். ஸ்டோர் கங்கப்பன் பித்தளைத் தட்டோடு வந்தார். பூஜை அவர் பொறுப்பு. ஷெட்டில் பொட்டு பெற்றது எது, பெறாதது எது என்று சாயங்காலம்வரை நினைவு வைத்திருப்பார். டிரில்லிங் மெஷின், தராசு, மல்டிமீட்டர், துடைப்பம் என்று ஒவ்வொன்றாகச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தார். பொட்டு வைத்த ஆயுதம் சாமிக்குப் போய்விட்டது. மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. ஜெயமணி அளந்து முடித்திருந்த மல்டிமீட்டர் அப்படித்தான் அவள் கண் முன்னால் சாமிக்குப் போனது. அடுத்து அவர் ஈயம் உருக்கும் பற்றவைப்புக் கம்பியைப் பார்த்தார். அவள் அதன் பிளக்கைச் சட்டென்று சொருகினாள்.

"ஏம்மா, அத்த குடு."

"கொதிக்குது அண்ணாச்சி. சூட்டுல பொட்டு வெச்சா உடனே காஞ்சு கருகிரும். நல்லாவா இருக்கும்?"

கங்கப்பன் யோசித்தார். "அது செரி. ஆறட்டும்" என்று கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுப் பூசணிக்காயைப் பார்க்கப் போனார்.

தான் சொன்ன பொய்யை ஜெயமணி தானே திரும்பக் கேட்டாள். சூட்டில் பொட்டு உடனே காயும்.

மெஷினை அணைத்து ஆறவிட்டாள். ஒரு தீக்குச்சியைச் சந்தனக் கிண்ணத்தில் முக்கி, எட்டு சிப்புகளின் முதுகிலும் ஒரே அளவில் எட்டுப் பொட்டு வைத்தாள். ஒன்று பெரிதாகிவிட்டது, துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பிறகு சுவிட்சைப் போட்டாள்.

தீர்த்தகிரி செருப்பைக் கழற்றிவிட்டார். "எங்கூர்ல டிரான்ஸ்பார்மருக்குத்தான் இப்படி வெப்பாங்க" என்றார் மெதுவாக. "நீயும் பக்திக்காரிதானா?"

"ஆமா சார்."

எட்டு ஈரப் பொட்டுகளையும் பார்த்தபடி நின்றாள். எட்டாவது சிப்புக்குப் பக்கத்தில்தான் கரண்டைச் சீராக்கும் துண்டு கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துப் பொட்டுகள் ஓரம் வெளுத்தது நியாயம். மூன்றாவதற்கு அவசரப்பட ஒரு நியாயமும் இல்லை. அது முழுக்க வெளுத்து, வெடித்து, ஓரம் தூக்கியது.

"மூணாவது சார்."

"ஆறாவது இல்லையா?"

"மூணாவது."

சுவிட்சை அணைத்துவிட்டு வெட்டும் குறடை எடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கங்கப்பன் திரும்பி வந்தார். எட்டுப் பொட்டையும் பார்த்தார். குறடையும் பார்த்தார்.

"பேடம்மா, பேடா. வேணாம். பொட்டு வெச்சாச்சு. இனி கை வெக்கக்கூடாது."

"அண்ணாச்சி, இன்னும் பூஜை ஆரம்பிக்கலையே."

"பொட்டு வெச்சா ஆரம்பிச்ச மாதிரி. யாரு வெச்சது? நீயா வெச்ச? அப்ப நீயே தொடக்கூடாது."

முதலாளியும் அவள் பக்கம் பேசவில்லை. "பழக்கத்தை மீற வேணாம்மா. நாளைக்கு வந்து பண்ணிக்க" என்றார். நாளைக்கு அவள் திருச்செந்தூர்ப் பக்கம் மாவாட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அழுகையோ கோபமோ வரவில்லை. மணி பத்தே முக்கால் என்பது மட்டும் தெரிந்தது. குனிந்தாள். மூன்றாவது சிப்பின் மேல் லேசாக ஊதினாள். காய்ந்த சந்தனம் ஒரே செதிலாகக் கழன்று பறந்து தரையில் விழுந்தது.

"இதுக்குப் பொட்டு இல்ல அண்ணாச்சி."

கங்கப்பன் கிட்டே வந்து பார்த்தார். கண்ணை இடுக்கி எண்ணினார். ஏழு.

"தானா வுழுந்துதா?"

"நீங்க பாக்கத்தானே விழுந்துச்சு."

இப்படி ஒரு வழக்கு அவரிடம் இதுவரை வந்ததில்லை. தராசில் வைத்த பொட்டு விழுந்திருக்கிறதா, விழுந்தால் என்ன செய்தோம் என்று பழைய தீர்ப்புகளை மனதுக்குள் புரட்டுவதுபோல மோவாயைத் தடவினார். "சாமி வேணாண்ணு தள்ளிடுச்சின்னா நாம இன்னா பண்றது?" என்றார் கடைசியில். "அத்த மட்டும் எடு. மத்த ஏழும் சாமிது. குறடு மேல பட்டுச்சு, நான் சும்மா இருக்க மாட்டேன்."

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்று முதலாளியும் சொல்லியிருந்தார். சாமியும் முதலாளியும் ஒரே உத்தரவைப் போட்டது அந்த ஷெட்டில் அதுதான் முதல் தடவை.

பதினாறு கால்களையும் முதலில் வெட்டி உடம்பை எடுத்தாள். பிறகு ஒவ்வொரு காலாகச் சூடாக்கி உருவினாள். ஓட்டைகளில் இருந்த ஈயத்தைக் கைப்பம்பால் உறிஞ்சினாள். கம்பி ஒருமுறை நழுவி அவள் இடது கை ஆள்காட்டி விரலில் உட்கார்ந்தது.

"கையி, கையி" என்றார் தீர்த்தகிரி.

"பழக்கம் சார்" என்றாள், வேலையை நிறுத்தாமல்.

புதுச் சிப்பைப் பற்றவைத்து சுவிட்சைப் போட்டபோது வாசலில் பூசணிக்காய் தயாராக இருந்தது. டிவி ஒரு கணம் இருண்டது. பிறகு மேல் மூலையில் ஒரு வரி எழுத்து. அதன் கீழே ஒரு சின்னக் கட்டம் விட்டுவிட்டு மின்னியது.

தீர்த்தகிரி கை கூப்பினார். மெஷினைத்தான் கும்பிட்டார். "பொட்டு வெச்ச உடனே எப்படி வந்துச்சு பாத்தியா கங்கப்பா? ஏழு பேரும் வெறுங்கையால தொட்டாங்க, அதான் வரல. இனிமே எந்த போர்டு வந்தாலும் மொதல்ல பொட்டு. எழுதி வெச்சிரு." பிறகு ஜெயமணி நிற்பது நினைவு வந்து, "நாளைக்கு எட்டு மணி ஷிப்ட்டும்மா" என்றார்.

சந்தோஷம் வரும் என்று அவள் கொஞ்சம் நின்று பார்த்தாள். வரவில்லை. கம்பியின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். பின்னால் கங்கப்பன் அது ஆறுவதற்காகச் சந்தனத்தோடு காத்திருந்தார்.

பூசணிக்காய் உடைந்து கிடந்த வாசலில் சுடலைமுத்து பொரியை மென்றுகொண்டிருந்தான்.

"என்னட்டி ஆச்சு?"

"நாளைக்கு எட்டு மணிக்கு வரணும்."

மெல்லுவது நின்றது. "வீட்டுச் சாவிய ஓனரம்மாகிட்ட குடுத்துட்டனேட்டி. காலி பண்ணுதோம்னு சொல்லிட்டேன். மதினிகிட்ட என்ன சொல்ல?"

"சாவிய வாங்கிக் குடுத்துட்டு பஸ் ஏறுங்கண்ணே."

அவன் அவள் கையைப் பார்த்தான். ஆள்காட்டி விரல் நுனி வெளுத்து உப்பியிருந்தது. "ஏ, கொப்புளம் போட்டிருக்கு. வலிக்கலையா?"

ஜெயமணியும் பார்த்தாள். கொப்புளம் போட்டது அவன் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"இல்ல" என்றாள். அவன் மடியிலிருந்த பொரியை ஒரு பிடி எடுத்துக்கொண்டு நடந்தாள்.