முன்னால் நின்ற கார், மூடிக் கிடந்த கார்

போன ஞாயிற்றுக்கிழமை பொம்மிடியில் ஒரு வீட்டில் பாகம் பிரித்தார்கள். நிலம், நகை எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது இரண்டு கார்கள்.

நண்பர் சம்பத்தின் அப்பா லாரி ஓட்டியவர். ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் பங்களா கைமாறியபோது, அங்கே துருப்பிடித்துக் கிடந்த இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கிவந்து ஓட வைத்தார். இரண்டாம் உலகப்போருக்கு முந்தியவை. ஒன்று இங்கிலாந்து, இன்னொன்று இத்தாலி. அந்தக் காலப் பந்தயங்களில் ஜென்மப் பகை... இங்கே ஒரே தகர ஷெட்டில் குடித்தனம்.

அப்பா போன வருஷம் காலமாகிவிட்டார். சம்பத்துக்கு ஒன்று, ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி குமாருக்கு ஒன்று. பழைய வண்டிகளில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு; இரண்டும் சமமா என்று சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். முந்தின நாளே போய் ஓட்டிப் பார்த்தேன்.

இங்கிலாந்து வண்டி கனம். பெரிய இன்ஜின், அவசரமே கிடையாது. மேட்டில்கூட டாப் கியரிலேயே ஏறிவிடுகிறது. இத்தாலி வண்டிக்குச் சின்ன இன்ஜின், மெல்லிய அலுமினிய பாடி. வளைவில் நினைத்தாலே திரும்புகிறது. ஆனால் கொஞ்சம் அசந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. ஒரு நாடு, வண்டி உடையக் கூடாது என்று செய்திருக்கிறது. இன்னொன்று பறக்க வேண்டும் என்று. இதில் எது உசத்தி? சமம் என்று சொல்லிவிட்டேன்.

சம்பத்துக்கு உயிர் இத்தாலி வண்டி மேல்தான். ஆனால் எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு — மூத்தவர் பிரித்து வைக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். குமார் அதையே கேட்டுவிட்டால்?

ஞாயிறு காலை போனால், இங்கிலாந்து வண்டி பளபளவென்று வாசலில் நிற்கிறது. இத்தாலி வண்டி ஷெட்டின் மூலையில், தார்ப்பாய்க்கு அடியில். குமார் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். டயர் தட்டையாகக் கிடந்தது. நான் ஓட்டியபோது அதில் காற்று இருந்ததே...

"முன்னாடி நிக்கறதயே எடுத்துக்கறங்கண்ணா," என்றார் குமார்.

சம்பத் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டே குமார் மெதுவாகச் சொன்னார்: "அதுதான் வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வுட்டுக் குடுத்திருப்பனே. காத்த எதுக்குங்கண்ணா எறக்குனீங்க?"

எனக்கே தலை குனிந்துவிட்டது. குமார் கோபித்துக்கொண்டு போகவில்லை. அண்ணி போட்ட இலையில் உட்கார்ந்து, ரசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். சம்பத்துக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அந்த இரண்டு நாட்டுக்காரர்களும் தங்களுக்கு என்ன ஆசை என்பதை இரும்பிலும் அலுமினியத்திலும் ஊரறியச் சொல்லிவிட்டார்கள். கூடப் பிறந்தவனிடம் சொல்ல நமக்கு ஏன் வாய் வருவதில்லை?

நேற்று சம்பத்துக்குப் போன் போட்டேன். ஆசைப்பட்ட கார் கைக்கு வந்துவிட்டது... ஏறி உட்காரத்தான் கூச்சமாக இருக்கிறதாம்.